நோயில்லாப் பகுதி

அந்தக் குழு எவ்வளவு கடுமையாக உழைத்தது என்பதற்கு அதன் நாற்காலிகளே சாட்சி. நகரத்தில் புதிய ஆரம்ப சுகாதார மையங்களை எங்கெங்கே கட்டுவது, எந்தப் பணத்தில் கட்டுவது என்று திட்டமிடுவதற்காக அமைக்கப்பட்ட குழு அது. திட்டமிட்டுத் திட்டமிட்டு, கூட்ட அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் ரெக்சின் கிழிந்து, ஸ்பாஞ்சு பிதுங்கி, குடல் சரிந்த ஆடுகள் மாதிரி நின்றன. ஒவ்வொரு இருக்கையிலும் அதற்குரிய உறுப்பினரின் பின்புறம் அச்சு வார்த்ததுபோலப் பதிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இது இயக்குநருடையது, இது நிதி அதிகாரியுடையது என்று சொல்லிவிடலாம். நகரத்தில் ஏற்கெனவே இருந்த சில மையங்கள், குழு என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்னால் யாரோ அவசரப்பட்டுக் கட்டியவை. குழு தோன்றிய பிறகு எத்தனை கட்டப்பட்டன என்று கேட்பது அந்த அலுவலகத்தில் நாகரிகக் குறைவு.

நாற்காலிகளைச் சரிசெய்யக் குஷன்காரரைக் கூப்பிட்டார்கள். ரயில் பாதைக்கு அப்பால் அவருக்கு ஒரு கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் ஸ்பாஞ்சு வெட்டி, ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார். மனைவி கால் மிஷினை மிதித்து உறை தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சுத்தியலும் அவளுடைய மிஷினும் ஒன்றுக்கொன்று பதில் பேசிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் மிஷின்தான் ஜெயித்தது.

அவர் போன அன்று அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைப்பதற்காகக் கூடிய கூட்டம் என்பதால் அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. மூலையில் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். சத்தமில்லாமல் ஆணி பிடுங்குவது எப்படி என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது புள்ளிவிவர மேடம் தலையை நிமிர்த்தினார்.

"சார், கூட்டம் செல்லாது. மக்கள் பிரதிநிதி இல்ல."

மக்கள் பிரதிநிதி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய இருமலை, கூட்டத்துக்கு இடையூறு என்று குழு பலமுறை பதிவு செய்திருந்தது. பிறகு இருமல் நின்றது. யாரும் காரணம் கேட்கவில்லை.

இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய பார்வை மூலையில் வந்து நின்றது.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான் சார், கீழ."

"வீடு எங்கன்னு கேட்டேன்."

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சார்."

"அதிகாரி எதுவும் இல்லையே? பொதுமக்கள்தானே?"

குஷன்காரர் கொஞ்சம் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "அப்படித்தான் நினைக்கிறேன் சார்."

"எழுந்து மேல உக்காருங்க. உங்கள நியமிச்சாச்சு."

கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஆலோசகர் அவருக்கு நடைமுறையை விளக்கினார். ஆலோசகருக்கு என்ன வேலை என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது; அதனாலேயே எல்லோரும் அவரிடம் பயந்தார்கள்.

"இங்க கை தூக்கற வழக்கம் கிடையாது. டீ வரும்போது இயக்குநர் தீர்மானத்தைப் படிப்பாரு. கப்பை எடுத்தா சம்மதம்னு அர்த்தம்."

"எடுக்கலன்னா?"

ஆலோசகர் புருவத்தைச் சுருக்கினார். "யாரும் எடுக்காம இருந்ததில்லையே. டீ நல்லா இருக்கும்."

டீ நல்லாத்தான் இருந்தது. கூடவே பிஸ்கட்டும் வந்தது. முதல் மடக்கிலேயே குஷன்காரர் ஏதோ ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். எது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மிஷினை நிறுத்திவிட்டு அவருடைய கழுத்தைப் பார்த்தாள். "என்னங்க இது, நாய்க்கு லைசென்ஸ் மாட்டின மாதிரி?"

"கமிட்டி மெம்பர்."

"நாற்காலி?"

"அது அப்புறம். நம்ம பக்கம் ஆஸ்பத்திரி கொண்டு வரப் போறேன்."

"முதல்ல அட்வான்ஸ் வாங்கிட்டு வந்தீங்களா?"

வாங்கவில்லை. உறுப்பினர் ஆன பிறகு கூலி கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரமே அவள் ஆணியை மிதித்தாள். கடைத் தரையில் விழுந்து கிடந்த ஆணி, அவர் பெருக்காமல் விட்டது. சுகர் முற்றி அவளுடைய பாதம் மரத்துப்போய் நாளாகியிருந்ததால் மிதித்ததே அவளுக்குத் தெரியவில்லை. தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினின் மிதிபலகை வழுக்குகிறதே என்று குனிந்து பார்த்தாள். ரத்தம்.

பெரிய ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில். இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, இன்னொரு வரிசையில் நின்று, கடைசியில் ஒரு நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். "சுகர்க்காரங்க கால். தினமும் கட்டு மாத்தணும். இதுக்கெல்லாம் இவ்ளோ தூரம் வருவாங்களா? உங்க பக்கத்து மையத்துல போட்டுக்கோங்க."

"எங்க பக்கம் மையம் கிடையாதும்மா" என்றாள் மனைவி.

"கேட்டு வாங்குங்க."

குஷன்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "கேக்கற இடத்துலயேதான் உக்காந்திருக்கேன்."

சில வாரங்கள் இருவரும் அலைந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் வேலை இல்லை. வேலை செய்கிற நாளில் கட்டு இல்லை. பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "எதுக்கு ரெண்டு பஸ் மாறி உயிரை விடற? அடுத்த மாசம் தீர்மானம் வருது. நம்ம தெருவுலயே கட்டுப் போட்டுக்கலாம். அதுவரைக்கும் நானே கட்டறேன்." நாற்காலி அடியில் வைத்துத் தைக்கிற காடாத்துணியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, அவரே கட்டினார். கட்டு இறுக்கமாகவும் மடிப்பு கலையாமலும் இருந்தது. சோபாவுக்குப் போட்டிருந்தால் பத்து வருஷம் தாங்கியிருக்கும்.

அடுத்த மாதமும் வந்தது. மையத்தின் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா, வெளிப்பக்கம் திறக்க வேண்டுமா என்பதைப் பற்றிக் குழு விவாதித்தது. ஆலோசகரும் இயக்குநரும் கடல் கடந்து போய் ஒரு கதவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தக் கதவு பக்கவாட்டில் நகர்ந்தது. அதனால் விவாதம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

குஷன்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "சார், கதவு எப்படி வேணா தொறக்கட்டும். கட்டடம் எப்ப சார்?"

இயக்குநர் கோபப்படவில்லை. மந்தமான பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற வாத்தியார்போலப் பேசினார்.

"கட்டறது ஒரு விஷயமே இல்லைங்க. செங்கல் இருந்தா யாரு வேணா கட்டலாம். திட்டமிடறதுதான் கஷ்டம். கட்டி முடிச்சிட்டோம்னு வைங்க, திட்டம் முடிஞ்சு போகும். முடிஞ்சு போன திட்டத்துக்கு எவன் நிதி குடுப்பான்? நிதி இல்லைன்னா குழு எதுக்கு? குழு இல்லைன்னா மக்களுக்காக யாரு கவலைப்படுவா? உங்களுக்காகத்தான் சார் நாங்க கட்டாம இருக்கோம்."

நிதி அதிகாரிக்குக் கண் கலங்கியது. டீ வந்தது. குஷன்காரரும் எடுத்துக்கொண்டார். 'சார்' என்று அவரை ஓர் இயக்குநர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அந்தச் சொல் அவருடைய காதில் தேனாக ஒழுகியது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் மனைவியின் கட்டை அவிழ்த்தபோது சுண்டுவிரல் நிறம் மாறியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள்.

"கதவு முடிஞ்சிருச்சு."

"காலு முடியறதுக்குள்ள வந்துருமா?"

வருடக் கடைசி நெருங்கியபோது நிதி அதிகாரி பதறிப்போய் வந்தார். "சார், நம்ம நிதியைச் செலவே பண்ணாம பத்திரமா வச்சிருந்தோம். இப்ப மேலிடம், உங்களுக்கு இவ்ளோ தேவையில்லை போலிருக்கேன்னு கேக்குது. ஏதாவது செலவு பண்ணியாகணும். கட்டடம் மட்டும் வேண்டாம். கட்டிட்டா அப்புறம் டாக்டர் போடணும், மருந்து வாங்கணும். முடிவே இருக்காது."

ஆலோசகரின் மூளையில் உதித்ததுதான் ஒத்திகை மையம். அலுவலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு சுகாதார மையத்தை அச்சு அசலாக அமைத்துவிடுவது. உறுப்பினர்களே டாக்டராகவும் நோயாளியாகவும் நடித்து, காத்திருக்கும் நேரம், நடக்கும் தூரம், புன்னகையின் அளவு எல்லாவற்றையும் ஆய்வு செய்வது. கூடம் வெள்ளையடிக்கப்பட்டது. கட்டில் வந்தது. கண்ணாடி அலமாரி நிறையப் பஞ்சும் காஸ் துணியும் மருந்துப் புட்டிகளும் வந்தன. காத்திருப்போர் பெஞ்சுக்கு மெத்தை தைத்தது குஷன்காரர். அலமாரியில் இருந்த காஸ் துணிப் பாக்கெட்டுகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒத்திகை அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. நிதி அதிகாரி காய்ச்சல் வந்தவராக முனகினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட இயக்குநர் அவருடைய நாடியைப் பிடித்து, "சரியாயிடும்" என்றார். சரியாகிவிட்டது. புள்ளிவிவர மேடம் குறித்துக்கொண்டார்: வந்தவர்கள் எல்லோரும் குணம், காத்திருப்பு இல்லை, இறப்பு இல்லை. நர்ஸாக நடித்தவள் தபால் பிரிவு எழுத்தர். தலையில் தொப்பி வைத்ததும் அவளுக்கே அவளைப் பிடித்துப்போயிருந்தது.

குஷன்காரரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் கட்டை அவிழ்த்தார்.

முதலில் நாற்றம்தான் போய்ச் சேர்ந்தது. நிதி அதிகாரி முனகுவதை மறந்தார். ஆலோசகர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அருகே வந்து எட்டிப் பார்த்தார். "ரொம்பத் தத்ரூபமா இருக்கே. யாரு போட்ட மேக்கப்?"

"மேக்கப் இல்ல சார். என் வீட்டுக்காரி. கொஞ்சம் கழுவிக் கட்டுப் போட்டா..."

இயக்குநரின் முகம் இருண்டது. "உண்மையான நோயாளியா? யாருங்க உள்ள விட்டது? ஒத்திகையே கெட்டுடுமே!"

"அலமாரில காஸ் துணி இருக்கு சார்" என்றாள் மனைவி. "எடுத்துக் குடுங்க, நானே சுத்திக்கறேன்."

நிதி அதிகாரி அலமாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "அது காட்சிக்கு வச்சதும்மா. பாக்கெட் பிரிச்சா தணிக்கைல மாட்டிக்குவோம்."

"பிரிக்காம எப்படிங்க கட்டறது?"

"அதுக்காகத்தான் கட்டறதே இல்ல."

தபால் எழுத்தர் மட்டும் ஓர் அடி முன்னால் வந்தாள். இயக்குநர் ஒரு பார்வை பார்த்தார். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் போனாள்.

மனைவி பழைய காடாத்துணியையே திரும்பச் சுற்றிக்கொண்டாள். எழுந்து நிற்கும்போது பெஞ்சைத் தட்டிப் பார்த்தாள். "மெத்தை நல்லா வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர்களைச் சுற்றியிருந்த இருக்கைகள் தானாகவே காலியாயின.

அப்போதே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த வாரம் நிதி ஒதுக்கீட்டுக் கூட்டம் இருந்தது. எந்தப் பகுதிக்கு மையம் என்று முடிவாகப்போகிற கூட்டம். இவ்வளவு நாள் பொறுத்தது ஒரு வாரத்தில் கெட்டுவிடுமா என்று அவர் நினைத்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

புள்ளிவிவர மேடம் சுவரில் நகரத்தின் வரைபடத்தைக் காட்டினார். பூங்காவை ஒட்டிய பங்களாப் பகுதி ரத்தச் சிவப்பில் இருந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று மையங்கள். ரயில் பாதைக்கு அப்பால் இருந்த பகுதி பச்சைப் பசேலென்று இருந்தது.

"மையத்துல பதிவான நோயாளிகள வச்சுதான் நோய்ச்சுமையக் கணக்கிடறோம்" என்றார். "பூங்காப் பகுதி ரொம்பக் கவலைக்கிடம். ஒருத்தரே வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து பிரஷர் பாத்துக்கறாங்க. மூணு மையம் பத்தல. நாலாவது உடனடியாத் தேவை. ரயில் பாதைக்கு அப்பால் பதிவான நோயாளி ஒருத்தர்கூட இல்ல."

குஷன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "மேடம், எங்க பக்கம் மையமே இல்லையே, எங்க போய்ப் பதியறது?"

"அதான் சொல்றேன், பதிவு இல்ல."

"மையம் இல்லாததாலதான் பதிவு இல்ல!"

"நோயாளி இல்லாத இடத்துல மையம் எதுக்குங்க?"

"என் வீட்டுக்காரி கால் அழுகிக்கிட்டிருக்கு மேடம்! நீங்கதான் பாத்தீங்களே!"

புள்ளிவிவர மேடம் இரக்கமில்லாதவர் இல்லை. காகிதங்களைப் புரட்டித் தேடிப் பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரில காட்டினீங்களா? அப்ப அது ஆஸ்பத்திரி இருக்கற வட்டாரத்துல சேர்ந்திருக்கும். அந்தப் புண்ணு உங்க பகுதிப் புண்ணே இல்ல."

"அவ கால்லதானே மேடம் இருக்கு?"

"கால் எங்க இருக்குங்கறது முக்கியமில்ல. கட்டு எங்க போட்டாங்கங்கறதுதான்."

குஷன்காரரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு சத்தம் போட்டுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யாரோ ஒரு கோப்பையை நீட்ட, அவர் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டார். குடித்து முடித்து நிமிர்ந்தபோது இயக்குநர் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"பூங்காப் பகுதிக்கு நாலாவது மையம். ஒருமனதா நிறைவேறியது. மக்கள் பிரதிநிதிதான் முதல் ஆளா எடுத்தாரு. நன்றி."

மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். காலிக் கோப்பை அவருடைய கையில் இருந்தது. அதன் அடியில் கொஞ்சம் சர்க்கரை கரையாமல் கிடந்தது.

அந்த வாரக் கடைசியில் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுத்த டாக்டர் களைத்துப்போயிருந்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும். எதுக்குய்யா இவ்ளோ நாள் வச்சிருந்தீங்க?"

படுக்கையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. ஆனால் வாய் தெளிந்திருந்தது.

"அவரு கமிட்டில இருக்காரு டாக்டர்."

வீடு திரும்பிச் சில நாள் கழித்து, அவளுடைய ஊன்றுகோல் இன்னும் அக்குளில் பழகாத சமயத்தில், இயக்குநரிடமிருந்து ஆள் வந்தது. ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் பகுதிக்கு நகரத்தின் 'முழு ஆரோக்கியப் பகுதி' விருது கிடைத்திருந்தது. தொடர்ந்து ஒரு நோயாளிகூடப் பதிவாகாத ஒரே பகுதி. மக்கள் பிரதிநிதி தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

"போக வேண்டாம்" என்றார் குஷன்காரர்.

"போலாம்" என்றாள் மனைவி. "கால எடுத்தவங்க என்ன குடுக்கறாங்கன்னு பாக்கலாம்."

விழா அவர்கள் பகுதியிலேயே, மையம் கட்டுவதற்காக என்றைக்கோ வேலி போட்டு வைத்திருந்த காலி மனையில் நடந்தது. வேலிக்குள் நாய்கள் படுத்திருந்தன. அவற்றை விரட்டிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். ஊன்றுகோலைப் பார்த்ததும் ஆலோசகருக்கு வியர்த்தது. புள்ளிவிவர மேடத்தை ஓரமாக அழைத்துக் கிசுகிசுத்தார். மேடம் நிதானமாகப் பதில் சொன்னார். மனைவிக்கும் நன்றாகவே கேட்டது.

"பிரச்சினையே இல்ல சார். காலை எடுத்துட்டாங்க, அதனால புண்ணு இல்ல. புண்ணு இல்லைன்னா நோய் இல்ல. கால் இல்லாதது வேற துறை."

ஆனாலும் புகைப்படம் என்று ஒன்று இருக்கிறதே. மேசைக்குத் தரை தொடத் துணி விரித்து, அவளை அதற்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். இடுப்புக்கு மேலே அவள் பூரண ஆரோக்கியமாகத் தெரிந்தாள்.

இயக்குநர் உரையாற்றினார். "மற்ற பகுதி மக்கள் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் மையம் வேண்டும், மருந்து வேண்டும் என்று அரசாங்கத்தைச் சார்ந்தே வாழ்கிறார்கள். நீங்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் நோயை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். இங்கே மையம் கட்டாமல் விட்டது எவ்வளவு தொலைநோக்கான முடிவு என்பதை இன்று உணர்கிறேன். ஒருவேளை கட்டியிருந்தால், என்ன ஆகியிருக்கும்? நீங்கள் எல்லாரும் நோயாளிகள் ஆகியிருப்பீர்கள்!"

கைதட்டல் கேட்டது. அலுவலகத்திலிருந்து வண்டி வைத்துக் கூட்டி வந்தவர்கள் தட்டினார்கள். பகுதி மக்கள் வேலிக்கு வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார்கள்.

மனைவியின் கையில் கேடயத்தைக் கொடுத்தார்கள். கனமான மரப்பலகை, அதன்மேல் பித்தளையில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். "சிரிங்கம்மா" என்றார் புகைப்படக்காரர். அவள் பலகையைத் திருப்பிப் பார்த்து, விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டாள்.

"நல்ல மரம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓடுகிற மனிதனைத் திருகிக் கழற்றி எறிந்தாள். பலகையை மிஷினின் மிதிபலகைமேல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னாள். அகலமானதால் இடது கால் மட்டும் வைத்து மிதிக்க வசதியாக இருந்தது. மிஷின் திரும்பவும் பேசத் தொடங்கியது, கொஞ்சம் திக்கித் திக்கி.

இதற்கிடையில் குழுவின் அடுத்த கட்டத் திட்டத்துக்குக் காலம் கனிந்திருந்தது. நாற்காலிகள் இன்னும் கிழிந்தே கிடந்தன. நிதி அதிகாரி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கடைக்கே அனுப்பிவிட்டார். கூடவே ஒரு குறிப்பும் சொல்லி அனுப்பினார்: இருப்பதிலேயே மட்டமான ஸ்பாஞ்சு போதும். மிச்சம் பிடிப்பதுதான் மக்கள் சேவை.

குஷன்காரர் நாற்காலிகளின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி மிஷினை விட்டு இறங்கி, தரையில் நகர்ந்து வந்து சுத்தியலை எடுத்தாள்.

"அந்த நீள ஆணி டப்பாவ இப்படித் தள்ளுங்க."

"இதுக்குச் சின்ன ஆணி போதும்."

"தள்ளுங்கன்னேன்."

அவள் இருக்கைப் பலகையைக் கவிழ்த்துப்போட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி அடித்தாள். பலகைக்கு ஒன்று, நட்ட நடுவில். ஆணி முனை மறுபக்கம் பல்லைக் காட்டியது. அவர் பார்த்தார். ஸ்பாஞ்சை அளவாக வெட்டி முனைக்கு மேலே வைத்து, ரெக்சினை இழுத்துப் போர்த்தினார். சும்மா வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. மட்ட ஸ்பாஞ்சு அமுங்கி மடிய நேரமாகும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து திட்டமிடுகிறவனுக்கு மட்டும்தான் முனை எட்டும்.

"உங்க நாற்காலிக்கும் அடிக்கட்டுமா?" என்றாள்.

"அடி" என்றார். அவள் அடிக்கவில்லை.

திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கான முதல் கூட்டம் மதியத்தைத் தாண்டியது. மையங்களின் பெயர்ப்பலகை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டத்தில் இயக்குநர் "ஆ!" என்றார். நீல நிறத்தை எதிர்க்கிறார் என்று நினைத்து ஆலோசகர் குனிந்து குறிப்பெடுக்கப் போனார், அவரும் "ஆ!" என்றார். பிறகு மேசையைச் சுற்றி வரிசையாக எழுந்தார்கள். புள்ளிவிவர மேடம்தான் கடைசி. கணக்கு முடியாமல் அவர் எழுவதில்லை.

கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். காஸ் துணிப் பாக்கெட்டுகள் பிரிக்கப்பட்டன. தணிக்கையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நிஜ நர்ஸ் ஒருத்தியும் நிஜ டாக்டர் ஒருவரும் அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆணி எப்படி வந்தது என்று விசாரிக்க ஒரு துணைக்குழு அமைப்பது பற்றிப் பேசப்பட்டது. ஆனால் காயத்தின் இடத்தை விவரித்துச் சாட்சி சொல்ல யாரும் முன்வராததால், பழைய மரத்தின் இயல்பு என்று முடித்துவிட்டார்கள்.

மறுநாள் அவசரக் கூட்டம். எல்லோரும் நின்றுகொண்டே பேசியதால் குழுவின் வரலாற்றிலேயே மிகச் சீக்கிரமாக முடிந்த கூட்டமும் அதுதான். புள்ளிவிவர மேடம் வரைபடத்தை விரித்தார். நடுவில் ஒரு சிறு கட்டடம் கருஞ்சிவப்பாகத் தகித்தது.

"இந்த அலுவலகம்தான் சார். ஒரே ஒருத்தரத் தவிர எல்லாருமே பதிவான நோயாளிங்க. இவ்ளோ நோய்ச்சுமை நகரத்துல எங்கயும் இல்ல."

"மேடம்" என்றார் குஷன்காரர். "கீழ இருக்கறது ஒத்திகை மையம்தானே? அதுல எப்படிப் பதிவு?"

"காயம் உண்மையாச்சே."

"அன்னிக்கு என் வீட்டுக்காரியும் உண்மையான காயத்தோடதானே வந்தா?"

"அவங்க உறுப்பினர் இல்லையே."

டீ வந்தது. எல்லோரும் நின்றபடியே எடுத்தார்கள். குஷன்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை, ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த மாதத்துக்குள் அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே நிஜ மையம் திறந்தாயிற்று. கதவு வெளிப்பக்கம் திறந்தது. யாரும் அதைப் பற்றி விவாதிக்கவில்லை.

அதற்குள் மனைவியின் இடது குதிகாலில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. ஒற்றைக் காலில் மிஷினை மிதித்ததில் உராய்ந்து உராய்ந்து வந்தது. அவளுக்கு அதுவும் வலிக்கவில்லை. அவர்தான் காடாத்துணியைக் கிழிக்கப் போனவர், பாதியில் கீழே போட்டுவிட்டு, அலுவலகத்து மையத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று போனார். வரவேற்பில் இருந்தவள் முன்பு நர்ஸாக நடித்த அதே தபால் எழுத்தர். அவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்தக் கட்டடத்துக்குள்ள காயம் பட்டவங்களுக்கு மட்டும்தான் பார்க்கணும்னு விதிங்க. வெளில பட்ட காயத்த உள்ள விட்டா கணக்கு மாறிடுமாம்."

திரும்பி வந்து அவர் அப்படியே சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மனைவி மிஷினை நிறுத்தினாள். காலைத் தூக்கிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவருடைய டப்பாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்தாள். நீள ஆணி. கூர்மையைக் கட்டைவிரலில் பதம் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் வைத்து முடிந்தாள்.

"என்ன பண்ற?" என்றார்.

"ஊன்றுகோல எடுங்க. உள்ள போய் மிதிச்சுக்கலாம்."